எண்பதுக்குக் கீழே இறங்காத கார்

1. பானெட்டுக்குள் ஒன்றுமில்லை

எங்கள் யார்டுக்கு முதல் மின்சாரக் கார் வந்த அன்று, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம். யார்டு திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் இருக்கிறது. பழைய கார் வாங்கி விற்பது தொழில். முதலாளி சவரிமுத்து; ஊரில் எல்லோருக்கும் சவரி அண்ணன். நான் அவரிடம் வண்டி பார்த்துச் சொல்கிறவன். ஒரு வண்டி வந்தால் அதை வாங்கலாமா, என்ன குறை, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்வது என் வேலை.

பெட்ரோல், டீசல் வண்டிக்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளிருந்து புகை மேலே அடிக்கிறதா என்று பார்ப்போம். டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலை இரண்டு விரலில் தேய்ப்போம். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடிப்போம். கடைசியாகச் சிறுமலைக்கு ஓட்டிப் போவோம். கொண்டை ஊசி வளைவுகளில் திணறாமல் ஏறிவிட்டால் வண்டி தேறிவிட்டது என்று கணக்கு.

அன்று வந்த வண்டிக்கு ஆயில் மூடியும் இல்லை, டிப் ஸ்டிக்கும் இல்லை. சவரி அண்ணன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

“ஏப்பா சேகர், இதுக்குக் குழாயே வைக்கலயேப்பா.”

“கிடையாதுண்ணே.”

“சரி, ஸ்டார்ட் பண்ணு. சத்தத்தை வச்சுச் சொல்லிருவோம்.”

“ஸ்டார்ட் பண்ணியாச்சுண்ணே.”

அவர் காதைப் பானெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் செத்த நேரம் நின்றார். “பொணத்துக்கு நாடி பாக்குற மாதிரியில்ல இருக்கு,” என்றார்.

அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மின்சார வண்டிகள் ஒன்று மாற்றி ஒன்று வர ஆரம்பித்தன. நானும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போனேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். அதோடு நானே ஒரு மரப்பலகையில் யூனிட் மீட்டரும் பதினைந்து ஆம்பியர் பிளக்கும் பொருத்தி வைத்துக்கொண்டேன். ஸ்கேனரைவிட அந்தப் பலகைதான் எனக்கு அதிகம் சோறு போட்டிருக்கிறது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்குத் திண்டுக்கல் வட்டாரச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். என்ன செய்தி சொன்னாலும் மறுமுனையில் இருக்கும் உதவி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார்: “இன்னொருத்தர் யாரு?” ஒருவர் சொன்னது செய்தியாகாது. இரண்டாமவர் சொல்ல வேண்டும். அவர் முதலாமவரிடம் கேட்டுச் சொல்பவராகவும் இருக்கக்கூடாது. அந்தத் தொழில் போய்விட்டது. இந்தக் கேள்வி மட்டும் என்னோடு யார்டுக்கு வந்துவிட்டது.

2. ஆறு மணிக்குள்

ஜெயராணி டீச்சர் ஒரு மே மாத மதியம் குடையோடு உள்ளே வந்தார். மேட்டுப்பட்டிக்காரர். அறிவியல் ஆசிரியை. தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்திருந்தது. இடம் தொப்பம்பட்டி. பழனியைத் தாண்டிப் போக வேண்டும். போகவர நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பக்கம்.

“வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, மறுபடி என் பேரு வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிருவேன் சார். பஸ்ல போனா வீட்டுக்கு வர எட்டாயிரும். தினம் இம்புட்டுத் தூரத்துக்குப் பெட்ரோல் போட்டா, புதுச் சம்பளத்தைப் பங்க்லயே குடுத்துட்டு வர வேண்டியதுதான். பழசா ஒரு கரண்டு கார் பாத்துக் குடுங்க. காலையில போகணும், சாயங்காலம் வந்துரணும். நடுவுல நிக்கக்கூடாது.”

“ஒட்டன்சத்திரத்துல ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கே டீச்சர். அரை மணி நேரம் போட்டா...”

“அரை மணி நேரம் கிடையாது சார் எங்கிட்ட. நான் ஆறு மணிக்குள்ள வீட்ல இருக்கணும்.”

அப்புறம் காரணத்தைச் சொன்னார். வீட்டில் அவரும் அவருடைய அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்கு ஞாபகம் தவறிக்கொண்டே வருகிறது. பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். பெரியவர் சாயங்காலம் ஆனதும் மகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

“தெருமுனை திரும்பும்போதே ஸ்கூட்டர் ஹாரனை ரெண்டு தடவை அடிப்பேன். பழைய ஹாரன், தொண்டை கட்டுன சேவல் மாதிரி கத்தும். அதைக் கேட்டாத்தான் உக்காருவாரு. ஆறு மணிக்குள்ள கேக்கலைன்னா செருப்பை மாட்டிக்கிட்டு என்னையத் தேடி ரோட்டுல எறங்கிருவாரு. போன மாசம் நாகல் நகர் போயித்தான் புடிச்சோம்.”

பள்ளி விட்டு ஒன்றரை மணி நேர ஓட்டம். வழியில் எங்கும் நிற்க முடியாது. அந்தத் தூரத்தைத் தாங்குகிற பேட்டரி கிடைத்தால் அவர் தலைமை ஆசிரியர். கிடைக்காவிட்டால் வேண்டாம் என்று கடிதம். சேர வேண்டிய தேதிக்கு அதிக நாள் இல்லை.

3. சாமிக்கு வெளக்கு, வண்டிக்குப் பிளக்கு

கைக்கு எட்டிய தூரத்தில் விற்பனைக்கு இருந்தது ஒரே ஒரு வண்டி. நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வேலுச்சாமி என்பவருடையது. சவரி அண்ணன், டீச்சர், நான் மூவரும் போனோம்.

“வாங்க, வாங்க. மொதல்ல மோர் குடிங்க. வண்டி எங்கீங்க போயிரப் போவுது,” என்றார் வேலுச்சாமி.

மோட்டார் ரூமை ஒட்டித் தகரக் கொட்டகை. அதற்குள் வெள்ளைக் கார். நெற்றியில் விபூதிப் பட்டை. ஐந்து வருட வண்டி. சீட்டுகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பாலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. ஓடோமீட்டரில் பதினெட்டாயிரம்தான் ஓடியிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை பழனி மார்க்கெட், கிருத்திகைக்கு மலைக்கோயில் அடிவாரம். அதற்கு மேல் அந்த வண்டி வெளியூர் பார்த்ததில்லை.

“ஏன் விக்கிறீங்க?” என்று கேட்டேன்.

அவருடைய மனைவி முந்திக்கொண்டார். “சத்தமே போடாத வண்டிங்க. ரோட்டுல ஆடுகூட நகர மாட்டீங்குது. நாம கார்ல போறமுன்னு தெருவுல ஒரு சனத்துக்கும் தெரியறதில்லீங்க. அப்பறம் காரு என்னத்துக்குங்க?”

“அது இல்லீங்க,” என்றார் வேலுச்சாமி அவசரமாக. “பையன் பெரிய வண்டி எடுத்துட்டானுங்க. ரெண்டு எதுக்குன்னுதான்.”

டேஷ்போர்டைப் போட்டுக் காட்டினார். சார்ஜ் நூறு. ஓடக்கூடிய தூரம் இருநூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

“ஒரு நா ராத்திரிகூட இந்த வண்டி காலியா நின்னதில்லீங்க. பொழுது எறங்குனா சாமிக்கு வெளக்கு, வண்டிக்குப் பிளக்கு. ரெண்டும் நானேதான். இதுவரைக்கும் எம்பதுக்குக் கீழ எறங்க உட்டதில்லீங்க. வாகனத்தைக் காலியா நிறுத்துனா ஊட்டுக்கு ஆகுமுங்களா?”

எனக்கு உறுத்தியது அங்கேதான். வண்டிக்குள் இருக்கும் பேட்டரியும் நம் கைப்பேசிக்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒரே இனம். நூறிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதற்கு ஆகாது. வெயில் சேர்ந்தால் இன்னும் மோசம். இந்த வண்டி ஐந்து கோடைக்காலம் தகரத்துக்குக் கீழே நிறைவயிற்றோடு நின்றிருக்கிறது. ஆனால் உறுத்தல் செய்தியாகாது. ஸ்கேனரைச் சொருகினேன். பேட்டரியின் உடல்நலம் தொண்ணூற்றைந்து என்று காட்டியது.

சவரி அண்ணன் என்னைத் தென்னை மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “மெஷினே சொல்லிருச்சு அப்பு. வர்ற ஞாயித்துக்கெழமை உடுமலையிலருந்து ஒரு பார்ட்டி வாராங்களாம். அட்வான்ஸைக் குடுத்துட்டுப் போயிருவோம். இந்த மாதிரிக் கன்னி கழியாத வண்டி இன்னொண்ணு கெடைக்காது.”

டீச்சரும் கணக்குப் போட்டுவிட்டார். “சார், எனக்கு வேண்டியது நூத்தம்பது. இது இருநூத்தறுபத்திரெண்டு காட்டுதே?”

“டீச்சர், வேலுச்சாமி அண்ணன் எந்த வேகத்துல ஓட்டுவாருன்னு கேளுங்க.”

“முப்பத்தஞ்சுக்கு மேல போறதில்லீங்க,” என்றார் அவர் பெருமையாக. “ஏசி போட்டா எனக்குச் சளி புடிச்சுக்கும்.”

அந்த இருநூற்று அறுபத்திரண்டு அவருடைய கால் காட்டிய தூரம். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ, அதே மாதிரி போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் டேஷ்போர்டு சொல்லும். ஸ்கேனர் காட்டிய தொண்ணூற்றைந்தும் அப்படித்தான். வண்டி நன்றாக இறங்கி ஏறும்போதுதான் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பேட்டரியின் கொள்ளளவைச் சரியாக அளக்கும். எண்பதுக்குக் கீழே போகாத வண்டியில் அதற்கு அளப்பதற்கே வாய்ப்பில்லை. பழைய கணக்கையே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். உரிமையாளர், டேஷ்போர்டு, ஸ்கேனர் என்று மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். மூன்றும் ஒரே வாய்.

இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் தலையாட்டினார். “பரீட்சையே எழுதாத பையனுக்குப் போன வருச மார்க்கைப் போட்டு வச்ச மாதிரி.”

அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

“அப்பப் பரீட்சை வைங்க,” என்றார்.

வேலுச்சாமியிடம் கேட்டேன். டீச்சர் போகவேண்டிய தூரத்தை, டீச்சர் ஓட்டுகிற வேகத்தில், நடுவில் சார்ஜ் போடாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. அவர் முகம் மாறியது.

“எம் பேச்சுல நம்பிக்கை இல்லீங்களா?”

“உங்க பேச்சுல இருக்குங்க. வண்டி பேசறதுலதான் கொஞ்சம்...”

“செரிங்க. ஆனா நானும் கூட வருவனுங்க.”

4. பின் சீட்டில் வேலுச்சாமி

அடுத்த சனிக்கிழமை காலையில் நெய்க்காரப்பட்டியிலிருந்து கிளம்பினோம். டீச்சர் ஓட்டினார். ஏசி போட்டோம். பக்கத்தில் நான். பின்னால் சவரி அண்ணனும் வேலுச்சாமியும். சவரி அண்ணன் அட்வான்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். திண்டுக்கல் பைபாஸ் வரை போய்த் திரும்புவது திட்டம்.

பழனி தாண்டும்வரை வேலுச்சாமி சகஜமாகப் பேசிக்கொண்டு வந்தார். தேங்காய் விலை, தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ, ஆள் கிடைக்காதது. ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் திடீரென்று இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார்.

“ஏனுங்க! எழுபத்தொம்பது!”

டீச்சர் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டார். “என்ன ஆச்சுங்க?”

“எம்பதுக்குக் கீழ போயிருச்சுங்க!”

“போகட்டுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்,” என்றேன்.

அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. ஒவ்வொரு எண்ணாக இறங்க இறங்க, உச்சுக் கொட்டினார். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

“வண்டி பசியில நிக்குது. நமக்கு என்னங்க டீ?”

“அண்ணே, ஐசியூல ஆளைப் போட்ட மாதிரிப் பாக்காதீங்க. எறங்கி வாங்க. வடை சூடா இருக்கு,” என்றார் சவரி அண்ணன்.

“நீங்க சாப்டுங்க.”

திண்டுக்கல் பைபாஸைத் தொட்டபோது சார்ஜ் ஐம்பத்துமூன்று. டீச்சர் வண்டியை ஓரங்கட்டி டேஷ்போர்டைக் கூர்ந்து பார்த்தார். “நாம ஓடுனது அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஆனா இது தன் கணக்குல நூத்தறுபதுக்கு மேல குறைச்சிருச்சு.”

“இப்ப உங்க காலைப் படிச்சுக்கிட்டிருக்கு.”

“இங்கேருந்து மேட்டுப்பட்டி கிட்டத்துலதான் சார். வீட்டுக்குப் போயி அப்பாவுக்கு வண்டியைக் காட்டிட்டு வந்துருவோமா?”

ஊருக்குள் சிக்னலிலும் நெரிசலிலும் மாட்டினால் கணக்குக் கலைந்துவிடும் என்று நான் வேண்டாமென்றேன். அங்கேயே திருப்பினோம்.

திரும்பி வரும்போது பழனியில் சார்ஜ் பன்னிரண்டு. ஊருக்கு வெளியே வந்ததும் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு படம் எரிந்தது. வண்டி இழுக்காமல் மெதுவாகப் போக ஆரம்பித்தது.

“அது என்னங்க, ஆமை?”

“சார்ஜ் கம்மியா இருக்கு, வேகத்தைக் குறைச்சுக்கிறேன்னு சொல்லுதுங்க.”

“அஞ்சு வருசமா எங்கிட்ட நிக்குது. இந்த ஆமையை நான் பாத்ததே இல்லீங்களே.”

“நீங்க ஓட்டுன வேகத்துல, அது வெளிய வர வெக்கப்பட்டிருக்கும்ணே,” என்றார் சவரி அண்ணன்.

வேலுச்சாமி சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்தபோது சார்ஜ் ஆறு. மொத்தம் ஓடியது நூற்று முப்பத்தாறு கிலோமீட்டர். டீச்சருக்கு வேண்டியது நூற்றைம்பது.

5. மீட்டர் சொன்னது

சாலை சொன்னது ஒரு சாட்சி. இரண்டாவது சாட்சி என் மரப்பலகை. அதைச் சுவர் பிளக்கில் சொருகி, அதன் வழியாக வண்டியின் சார்ஜரை மாட்டினேன். வண்டி நிறைவதற்குள் எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று மீட்டர் காட்டிவிடும். பேட்டரி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பழைய நினைப்பில் இருக்கலாம். பாத்திரம் சுருங்கியிருந்தால் தண்ணீர் கொள்ளாது.

அந்த மாடல் புதிதாக இருந்தால், ஆறிலிருந்து நூறுக்கு ஏற, வழியில் வீணாவதையும் சேர்த்து, முப்பத்திரண்டு யூனிட் அளவுக்கு இழுக்க வேண்டும். இதை நான் வேலுச்சாமியிடம் மறைக்கவில்லை. “நெறைஞ்சதும் மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு, நாங்கள் திண்டுக்கல் வந்துவிட்டோம்.

“ஏப்பா, விக்கிற ஆளுகிட்டயே மீட்டர் பாக்கச் சொல்லிட்டு வாரயே,” என்றார் சவரி அண்ணன்.

“ரோடு ஏற்கனவே சொல்லிருச்சுண்ணே. ரெண்டும் ஒத்துப் போகுதான்னுதான் பாக்கணும்.”

மறுநாள் காலையில் வேலுச்சாமி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“இருபத்திமூணுங்க. நானும் மூணு தடவை பாத்துட்டனுங்க. பையனையும் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னனுங்க. இருபத்திமூணுதான்.”

சாலையும் மீட்டரும் ஒன்றுபோலச் சொல்லிவிட்டன. புதிதில் இருந்ததில் எழுபத்திரண்டு சதவீதம்தான் அந்தப் பேட்டரியில் மீதி. அந்த வண்டியின் உத்தரவாதப்படி எழுபதுக்குக் கீழே போனால்தான் கம்பெனி ஏதாவது செய்யும். மாற்றித் தரும் அளவுக்கு மோசமில்லை. டீச்சருக்குப் போதும் அளவுக்கு நல்லதும் இல்லை.

டீச்சரிடம் சொன்னேன்.

“ஆமை வேகத்துல வந்தா ஏழாயிரும். அதுக்குள்ள அப்பா நாகல் நகரைத் தாண்டிருவாரு,” என்றார். சிரித்தார், ஆனால் அது சிரிப்பாக இல்லை. “சரி சார். கடிதம் எழுதிர்றேன். நீங்க பாத்துச் சொன்னதுக்கு நன்றி.”

வேறு வண்டி இருக்கிறதா என்று கரூர் வரை கேட்டுப் பார்த்தேன். தேதிக்குள் வரக்கூடியது எதுவும் அகப்படவில்லை.

6. மச்சான் வீட்டு மில்

திங்கட்கிழமை மதியம் வேலுச்சாமி அதே வண்டியை ஓட்டிக்கொண்டு யார்டுக்கு வந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது, இன்னும் ஏசி போடவில்லை போல. என் மரப்பலகையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“உடுமலைக்காரருகிட்ட உள்ளதைச் சொல்லிட்டனுங்க. யோசிச்சுச் சொல்றேன்னு போனாரு, போனவருதான். அது கெடக்கட்டும். அந்த டீச்சரம்மாவுக்கு எந்த ஊருப் பள்ளிக்கூடமுங்க?”

“தொப்பம்பட்டி.”

“அட, அதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா? எங்க மச்சான் மாவு மில்லு வச்சிருக்கறது பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்பலதானுங்க. மில்லுக்குள்ள வண்டி நிக்க எடமிருக்குது. பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு எத்தனை வேணாலும் இருக்குது.”

நானும் சவரி அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போகும் தூரம், வரும் தூரம், வழியில் நிற்காமல் வருவது என்றே நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் வண்டி ஒரு பகல் முழுக்கச் சும்மா நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

டீச்சரைக் கூப்பிட்டோம், வந்தார். முழுக்கக் கேட்டார்.

“பிளக்குதான் வேணும்னா பள்ளிக்கூடத்துலயே இருக்குமே டீச்சர்,” என்றார் சவரி அண்ணன்.

“இருக்கும். மொத நாளே ஹெச்.எம். கரண்டு திருடுறாங்கன்னு சத்துணவுக் கூடத்துல ஆரம்பிச்சுப் பழனி வரைக்கும் போயிரும். மில்லே போதும். யூனிட்டுக்கு என்னவோ அதை மாசா மாசம் குடுத்துருவேன்னு சொல்லிருங்க. வாங்கமாட்டேன்னா வரமாட்டேன்.”

பிறகு கணக்கு எளிதாகிவிட்டது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி மில்லுக்குப் பாதி சார்ஜில் போய்ச் சேருவார். ஒன்பதிலிருந்து நாலு மணிக்குள் எண்பது வரை ஏற்றிக்கொண்டாலே, திரும்பி வந்தபின்னும் முப்பது மிச்சமிருக்கும். சில வருடங்களில் பேட்டரி இன்னும் கொஞ்சம் தேய்ந்தாலும் இந்த ஏற்பாடு தாங்கும். வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியில் வேகத்தடை உரசிய தழும்பு ஒன்றுகூட இல்லை. முப்பத்தைந்தில் போகிறவருக்கு வேகத்தடை எதற்கு? மீதி உத்தரவாதம் புது உரிமையாளர் பெயருக்கு மாறும் என்பதைக் கம்பெனியில் எழுத்தில் வாங்கினேன். எழுபத்திரண்டுக்கு ஏற்றபடி விலையை வேலுச்சாமியே இறக்கிவிட்டார்.

பழைய மின்சாரக் கார் வாங்குபவர்கள் “பேட்டரி நல்லா இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். எழுபத்திரண்டு என்று தெரிந்து வாங்கும் வண்டி, தொண்ணூற்றைந்து என்று நம்பி வாங்கும் வண்டியைவிட மேல். எவ்வளவு இருக்கிறது, நமக்கு எவ்வளவு வேண்டும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், நடுவில் உள்ளதை ஒரு மாவு மில்கூட நிரப்பிவிடும்.

மச்சானின் மில்லில் வண்டியை நிறுத்திப் பார்க்க டீச்சரோடு நானும் போனேன். மனிதர் தலை முதல் கால் வரை மாவாக நின்று வரவேற்றார்.

“எண்பது வந்ததும் எடுத்துருங்கண்ணா,” என்றார் டீச்சர். “நூறு வரைக்கும் விட வேண்டாம்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. குடும்ப வழக்கம் போல. “ஊட்டுக்கு வந்தவங்களை அரை வயித்துல எந்திரிக்கச் சொன்ன மாதிரிங்களே டீச்சர்.”

“எண்பது மார்க்குன்னா டிஸ்டிங்ஷன்ங்க.”

அவர் யோசித்தார். “அப்பச் செரிங்க. நம்மூட்டுல ஒருத்தரும் அத்தனை வாங்குனதில்லீங்க.”

7. தெருமுனை

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன் டீச்சரிடமிருந்து அழைப்பு. எடுக்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, மூச்சு வாங்கியது.

“சார், வண்டி நல்லா வந்துச்சு. முப்பத்தொண்ணு மிச்சம். ஆனா அப்பா நம்ப மாட்டேங்குறாரு.”

நடந்தது இதுதான். ஆறு மணிக்குள் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. பெரியவர் கேட்டருகே செருப்போடு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மகள் இறங்கி வந்து கையைப் பிடித்திருக்கிறார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “ஜெயா இன்னும் வரலம்மா. நான் போயிப் பாத்துட்டு வாரேன்,” என்று தெருவில் இறங்கிவிட்டார். ஹாரன் கேட்கவில்லை; ஆகையால் மகள் வரவில்லை. தெருமுனையில் மடக்கி, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் டீச்சருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“கார் ஹாரனை அடிச்சுப் பாத்தீங்களா?”

“அடிச்சேன் சார். யாரோ வழி கேக்குறாங்க, ஒதுங்குன்னு என்கிட்டயே சொல்றாரு.”

நெய்க்காரப்பட்டியில் ஆடு நகராதது பற்றி வேலுச்சாமியின் மனைவி சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டு மோர் குடித்தோம். பைபாஸிலிருந்து டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்; கணக்குக் கலையும் என்று தடுத்தது நான்தான்.

சவரி அண்ணனிடம் சொன்னேன். “ஸ்கூட்டர் எங்க நிக்குது?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே எங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய், ஸ்கூட்டரிலிருந்து அந்த ஹாரனைக் கழற்றிக் காரின் முன்பக்கத்தில் மாட்டினோம். இரண்டுக்கும் பன்னிரண்டு வோல்ட்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே தனியாக ஒரு பித்தான். சோதனைக்குச் சவரி அண்ணன் ஒருமுறை அழுத்தினார். எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

“இம்புட்டு நல்ல கார்ல இப்படி ஒரு சத்தமா?” என்று முகத்தைச் சுளித்தார்.

அன்று சாயங்காலம் நான் அந்த வீட்டு வாசலில் நின்றேன். ஒரு வண்டியைச் சோதித்து முடிக்காமல் விட்டுவிட்டோமே என்பது காரணம். பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். செருப்பு போட்டிருந்தார். பார்த்துக்கொள்ளும் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தெருமுனையில் தொண்டை கட்டின சேவல் இரண்டு தடவை கத்தியது.

பெரியவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்து, “ஜெயா வந்துட்டா. காப்பியைப் போடு,” என்றார். வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இப்போதும் ஸ்கேனரும் மரப்பலகையும் இல்லாமல் நான் எந்த மின்சாரக் காரையும் பார்க்கப் போவதில்லை. அதோடு, சோதனை ஓட்டத்தை வாங்குபவரின் வாசலில்தான் முடிக்கிறேன். அங்கே வண்டியை நிறுத்தியபின் அவரிடம் ஒன்று கேட்பேன்: “சாயங்காலம் இந்த வாசல்ல உங்களுக்காக யாரு நிப்பாங்க?”